வலது பக்கம் இருந்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

பார்சல் வந்து சேர்ந்துவிட்டது. தகவல் தந்தவர் கீழ்த்தளக் காவலாளி. நேரம் காலை பதினொன்று இருபது. கண்ணாடி உடைந்திருக்கும் என்பதும் அவர் ஊகம்தான். "சார், பெட்டியத் தூக்குனா உள்ள சலங்கை கட்டுன மாதிரி சத்தம் வருது" என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

மாலை அறைக்கு வந்து பிரித்தேன். தாத்தா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம். அத்தை பழைய புடவை ஒன்றில் சுற்றி, அதற்கு மேல் எங்கள் பத்திரிகையையே நாலு சுற்றுச் சுற்றி அனுப்பியிருக்கிறார். கண்ணாடி மூன்று துண்டு. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கறுப்பு வெள்ளை. இரண்டடி அகலம் இருக்கும். வலது பாதி முழுக்கத் தண்ணீர். இடது பக்கம் ஒரு மண்சாலை, ஓரத்தில் ஐந்து மரங்கள். பின்னால் மலை, ஒரு பெரிய உச்சியும் அதற்கு இடது பக்கம் ஒரு சின்ன உச்சியும். ஆள் யாரும் இல்லை. ஒரு பறவைகூட இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலை வேலை என்று ஊர் ஊராகப் போனதால் பதினேழு வயது வரை தாத்தா வீட்டில் வளர்ந்தவன் நான். இந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், படித்தேன், அடியும் வாங்கினேன்.

தாத்தா போய் ஐந்து மாதம். நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்.

மார்ச் 5, புதன்

ஆணி அடிக்க அனுமதி கேட்டேன். வீட்டு உரிமையாளரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுவரு எங்களுது. ஓட்டை மட்டும் உங்களுதா?"

படம் நாற்காலியில் இருக்கிறது. இருப்பதே ஒரு நாற்காலி. நான் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இருபத்து நான்கு வருடம் வெளியே போய்ச் செய்தி கொண்டுவந்தவனை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் கிளை அலுவலகத்தை மூடியபோது, தலைமை அலுவலகத்தில் காலியாக இருந்த இடம் இது ஒன்றுதான் என்றார்கள். இரண்டாம் பக்கத்தின் மூலையில் 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம் வருமே, அதற்கு நான் பொறுப்பு. வாசகர் புகாரைப் படித்து, செய்தி எழுதியவரைக் கேட்டு, தவறு உறுதியானால் நாலு வரி எழுத வேண்டும்.

விதி ஒன்று உண்டு. என்ன வெளியானது, எது சரி, அவ்வளவுதான் எழுதலாம். ஏன் தவறு நேர்ந்தது என்று எழுதக்கூடாது. காரணம் சொல்ல ஆரம்பித்தால் அது திருத்தம் இல்லை, வக்காலத்து.

இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவர் எதிர் மேசைப் பிழைதிருத்துநர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கமா'. பேச்சிலும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். "தவறு செஞ்சவன், தூங்கிடுவான். நீங்களும் நானும்தான், முழிச்சிருக்கணும்" என்றார். இந்த ஊரில் என்னிடம் வேலையைத் தாண்டி ஒரு வாக்கியம் பேசுகிறவர் இவர் ஒருவர்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தையிடம் பேசினேன். அப்பாவின் தங்கை. தாத்தாவோடு அந்த வீட்டில் இருந்தவர். இப்போது தனியாக இருக்கிறார். படத்தை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"இங்க வச்சு யாரு பாக்குறது? நான் முதுகைக் காட்டிக்கிட்டுச் சமைக்கிறேன். நீதானே அந்தப் படம் எந்த ஊரு எந்த ஊருன்னு சின்ன வயசுல அவரைப் பிடுங்குவே."

உண்மைதான். தாத்தா நில அளவை அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர். முப்பது வருடம் காடு மலை எல்லாம் சுற்றியவர் என்பதால் அது ஏதோ தொலைதூரத்து இடம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அலுவலகப் புகைப்படக்காரர் எடுத்த படம். ஓய்வு பெற்ற அன்று பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார்களாம். வேறு யாருக்காவது கடிகாரம் கொடுத்திருப்பார்கள்.

"ஜீப்ப ஓரங்கட்டிட்டு மத்தியானம் தூங்குன எடம்னு சொல்வாரு. ஆபீசருக்குத் தெரியாம," என்றார் அத்தை. "எங்கன்னு நான் கேட்டதில்ல. தூங்குறதுக்கு எடமாடா முக்கியம்?"

தாத்தா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை வேலைக்குச் சேர்ந்த நாளோடு நிறுத்திவிட்டார். 'நிருபரே' என்பார். தொலைபேசியை எடுத்ததும் முதல் கேள்வி, "நிருபரே, இன்னிக்கு எத்தன பொய்?" நான் ஏதாவது ஒரு எண் சொல்வேன். "நேத்தைக்குப் பரவாயில்ல" என்பார்.

மார்ச் 12, புதன்

காவலாளி விடுப்பு. அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையில் இன்று யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 15, சனி

வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு வேறு மாதிரி நினைவில் இருக்கும்.

காலை பத்து மணிக்குப் படத்தை எடுத்துக்கொண்டு பிரேம் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். பின் அட்டையைக் கழற்றினார். படத்தைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளை அட்டை விளிம்பையும் எடுத்தார். அந்த விளிம்புக்கு அடியில் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப் படம் மறைந்திருந்திருக்கிறது. இத்தனை வருடமும் யாரும் பார்க்காத இரண்டு விரல்.

இடது ஓரத்தில், சாலைக்குப் பக்கத்தில், ஒரு மைல்கல்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது எந்த ஊரு?"

"தெரியலைங்க."

"கல்லுல நாலுன்னு போட்டிருக்கு. ஆனா நாலு திரும்பி நிக்குது பாருங்க."

பார்த்தேன். எண் மட்டுமில்லை, மேலே இருந்த எழுத்துகளும் திரும்பித்தான் நின்றன.

"நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. இடது வலதாயிடும், வலது இடதாயிடும்," என்றார். "ஆளுங்க போட்டோன்னா அன்னிக்கே மாட்டியிருப்பான். சட்டைப் பட்டன் காட்டிக் குடுக்கும், தலை வகிடு காட்டிக் குடுக்கும். மலையும் தண்ணியும் வந்து புகார் குடுக்குமா?"

கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகளும் விற்கிறார். ஒன்றின் முன்னால் படத்தைப் பிடித்து, "இப்பப் பாருங்க" என்றார்.

பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பத்து வருடம் பார்த்த மலை. பெரிய உச்சிக்கு வலது பக்கம் சின்ன உச்சி. எங்கள் ஊர் மலை. எங்கள் ஊர் ஏரி. கல்லில் எங்கள் ஊர்ப் பெயர். நாலு கிலோமீட்டர்.

தண்ணீர் இடது பக்கம் இருந்தது.

"என்ன சார், உக்காருறீங்களா?" என்று கேட்டார். உட்கார்ந்தேன். புதுக் கண்ணாடி போட்டுச் செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று எழுத வேண்டியதை எழுதாமல் நிறுத்திவிட்டேன். எழுதுகிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டு மாதம், மூன்று நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தாவுக்கு அப்போது தொண்ணூறு நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"நிருபரே, அந்த எடத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போ."

"எந்த இடம் தாத்தா?"

"இந்தப் படத்துல இருக்கே."

"இது எங்க இருக்குன்னு நீங்க சொன்னதே இல்லையே."

"நீ சின்னவனா இருந்தப்ப சொல்ல முடியுமா? ஆபீஸ் நேரத்துல தூங்குன எடம். உன் வாயில தங்குமா அது? பக்கத்துலதான். ஏரிய ஒட்டியே போகணும். தண்ணி இடது கைப் பக்கமா வரும், அப்படியே போனா..."

நான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். "தாத்தா, தண்ணி வலது பக்கம் இருக்கு. நல்லாப் பாருங்க. இது நம்ம ஏரி இல்ல. நம்ம மலையும் இப்படி இருக்காது."

அவர் எழுந்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, படத்துக்கு மிகக் கிட்டே போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இடத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர் படத்தை எதற்குப் பார்த்திருக்கப் போகிறார்? முப்பது வருடத்தில் அன்றுதான் முதல் தடவை உற்றுப் பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

"ஆமா," என்றார். "வலது பக்கந்தான் இருக்கு."

திரும்ப வந்து உட்கார்ந்தார்.  அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் 'அப்படித்தான் நினைக்கிறேன்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அதையும் நான் கவனித்தேன். அதையும் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அத்தையிடம் சொன்னேன்: "தாத்தாவுக்கு ஞாபகம் தடுமாறுது. பார்த்துக்கோங்க. தனியா வெளிய விடாதீங்க."

அடுத்த வாரம் வாசல் கேட்டுக்குப் பூட்டு வந்தது. தொலைபேசியில் அத்தை சொன்னபோது, நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன். தினமும் காலையில் டீக்கடை, முடிதிருத்தும் கடை, அஞ்சலகம் என்று மத்தியானம் வரை சுற்றிவிட்டு வருகிற மனிதர். அதன் பிறகு இரண்டு வருடம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர் வருகிறவரிடம் மணி கேட்பார் என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

ஆள் சொன்னது சரி. ஆவணம் தவறு. நான் ஆவணத்தை நம்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

படம் வந்துவிட்டது. மறுபடி நாற்காலியில். தண்ணீர் வலது பக்கம்தான் இருக்கிறது.

இடைவேளையில் கமாவிடம் சொன்னேன். யாருடைய கதை என்று சொல்லாமல், வாசகர் புகார் மாதிரிச் சொன்னேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டார்.

"யாரு, எழுதுன செய்தி?"

"என்னுது."

"தெரியுது. பாதிக்கப்பட்டவர்?"

"இல்லை. போயிட்டார்."

"அப்ப, திருத்தம் போட முடியாதே. படிக்க, ஆள் இல்ல."

"இன்னொருத்தர் இருக்காங்க. என் பேச்சை நம்பிப் பூட்டுப் போட்டவங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

அவர் பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. கரண்டியால் தேடிக்கொண்டே, "தெரிஞ்சு, அவங்களுக்கு என்ன ஆகப் போகுது?" என்றார்.

"தெரியலை."

"தெரியாம, அச்சுக்கு அனுப்பாதீங்க."

மார்ச் 20, வியாழன்

எழுதிப் பார்த்தது:

'திருத்தம். ஆகஸ்டு மாதம் சமையலறையில், தாத்தாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று தெரிவிக்கப்பட்டது. அவர் கூறிய இடமும் திசையும் சரியானவை.'

விதிப்படி இருக்கிறது. படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். சொல்லாவிட்டால் நான் ஒருவன் மட்டும் தெரிந்துகொண்டு இருப்பேன். சொன்னால், தெளிவாக இருந்த அப்பாவை இரண்டு வருடம் பூட்டி வைத்தோம் என்பதோடு அத்தை அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அறுபத்தாறு வயது. முழங்கால் வலி. எது நியாயம்? 

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பதரை. மைல்கல், நெகட்டிவ், கண்ணாடி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். காரணம் எதுவும் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாதியில் அதை மூடினார்.

"சொல்லி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அத்தை."

"அவருக்கு ஞாபகம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"நம்ம தெருவுல யாரு எந்த வருஷம் குடி வந்தான், யாரு வீட்டுக் கிணத்துல எத்தன அடில தண்ணி, எல்லாம் சொன்னாரு. கடைசி மாசம் வரைக்கும் சொன்னாரு. ஞாபகம் இல்லாத மனுஷனா?"

"அப்புறம் ஏன் பூட்டினீங்க?"

"காலையில போனா மத்தியானந்தான் வருவாரு. போற எடமெல்லாம் அவருக்கு ஆளு. எனக்கு அந்த வீட்டுல யாரு? நீ வந்து சொன்னியா, எனக்கு வசதியாப் போச்சு. படிச்சவன் சொல்றான், பேப்பர்ல இருக்குறவன் சொல்றான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உன் பேரச் சொல்லித்தான் பூட்டுனேன்."

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

குழாயை மறுபடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஒரு நாள் கேட்டாரு. 'இது நிருபர் போட்ட பூட்டா, நீ போட்ட பூட்டா'ன்னு. நான் பதில் சொல்லல." பிறகு, "அடுப்புல வச்சிருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பூட்டுப் போட்டது யாரென்று நினைத்துக்கொண்டு போனார் தாத்தா? இதற்கு இனி ஆதாரம் கிடைக்காது.

மார்ச் 24, திங்கள்

ஒரு திருத்தத்தையே தவறாக வெளியிட்டிருக்கிறேன். நாளை திருத்தத்துக்குத் திருத்தம். கமா எழுந்து வந்து கை கொடுத்தார். "இருபத்தாறு வருஷத்துல, இதுதான் மொத தடவ. பாராட்டுகள்."

மார்ச் 30, ஞாயிறு

அத்தை கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்று தடவை கையில் எடுத்து மூன்று தடவை வைத்தேன். மற்றபடி நாள் முழுக்கச் செய்தது: துணி துவைத்தேன், காய்ந்ததும் மடித்தேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுகிறார் என்று எழுந்து போனேன். அவர் தன் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அவர் சொன்னதால் என் மேல் இருக்கும் பழி குறைந்ததா என்றும் கேட்டேன். அதுவும் இல்லை, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. படம் தவறாக இருந்தது என் குற்றமில்லை. யாரும் ஏமாந்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நாலு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். நாலு தடவையும் பூட்டைத் திறந்துதான் என்னை உள்ளே விட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அவர் நாற்காலி. தாத்தா, உங்களுக்கு நிஜமாகவே மறக்கிறதா என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எவன் எவனையோ தேடிப் போய்க் கேட்டவன். சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்காமல் செய்தி போடாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

உட்கார்ந்து பேசியிருந்தால் போதும். அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போ என்று அவர் கேட்டது அதற்காகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு அத்தை கூப்பிட்டார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"போயிட்டு வந்தேன்."

"எங்க?"

"நாலாவது கிலோமீட்டருக்கு. பால் வண்டிக்காரரு அந்தப் பக்கம் போறாருன்னாரு, ஏறிக்கிட்டேன். கேன்களுக்கு நடுவுல உக்காந்து போனேன். எறங்கும்போது ரெண்டு பேரு பிடிக்க வேண்டியதாப் போச்சு."

அத்தை அந்தத் தெருவைத் தாண்டித் தனியாகப் போய் நான் கேள்விப்பட்டதே இல்லை.

"கல்லு இருக்கு, மேட்டுப் பக்கமா. பாதி மண்ணுக்குள்ள. அஞ்சு மரம்னு சொன்னியே, ரெண்டுதான் நிக்குது. அதுல ஒன்னு பட்டுப்போச்சு. ஆனா அவரு தூங்குன எடம் பாக்க முடியல. அந்த மண்சாலை தண்ணிக்கடியில இருக்கு. கரையை உசத்துனாங்கல்ல, அதுலேர்ந்து வருஷத்துல பாதி நாள் முங்கிடுமாம்."

"எப்ப வத்தும்?"

"மே கடைசியிலன்னு மதகுக்காரரு சொன்னாரு."

"அவர் ஒருத்தர்தான் சொன்னாரா?"

"அங்க அவரு ஒருத்தருதான்டா இருந்தாரு. உனக்கு ரெண்டு பேரு வேணும்னா மீனைத்தான் கேக்கணும்."

சிரித்துவிட்டேன். அந்தப் பக்கமும் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. பிறகு அழுகிறாரோ என்று பட்டது. கேட்டேன். "அத்தை, அழுறீங்களா?"

"ஆமா," என்றார். மறைக்கவில்லை. அழுது முடிக்கும் வரை இருவரும் வைக்கவில்லை. ஆறு ஏழு நிமிடம் இருக்கும்.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தண்ணி வத்துனா நீ வர்றியா, இல்ல நானே போயிக்கவா?" என்றார்.

"வர்றேன்."

"ரெண்டு நாளைக்குன்னா வராத. நீ வந்து பையப் பிரிக்கிறதுக்குள்ள கட்ட ஆரம்பிச்சிடுற."

ஏப்ரல் 8, செவ்வாய்

விடுப்பு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. மே 24 முதல் பன்னிரண்டு நாள். காரணம் என்ற இடத்தில் முதலில் 'குடும்ப வேலை' என்று எழுதி, அடித்துவிட்டு, 'அத்தையுடன் இருக்க' என்று எழுதினேன். ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். திருத்தக் கட்டத்தை அந்த நாட்களில் யார் பார்ப்பது என்று கேட்டார். எதிர் மேசையிலிருந்து கமா கையைத் தூக்கினார்.

ஏரியின் நீர்மட்டத்தை நீர்வளத்துறை மே 15 அன்றுதான் அறிவிக்கும். அதற்குமுன் கைவசம் இருப்பது மதகுக்காரர் ஒருவரின் வாக்கு. முப்பது வருடமாக அந்தக் கரையிலேயே இருப்பவராம். பேருந்தில் இடம் பதிவு செய்துவிட்டேன். விண்ணப்பத்துக்குப் பதில் வெள்ளிக்கிழமை வரும்.